அடுப்பு இல்லாத பதினைந்து நாள்

போன மாதம் ரத்த அழுத்தம் பார்க்க ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. டாக்டர் அவள் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், சீட்டில் இரண்டு மாத்திரை எழுதி, கீழே ‘ரெஸ்ட்’ என்று எழுதிக் கொடுத்தார். அவள் அந்தச் சீட்டை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, மாமியாருக்குச் சோறு வடிக்க நேரமாச்சு என்று பஸ்ஸுக்கு ஓடினாள். எனக்கு வந்த கோபத்தில் என் ரத்த அழுத்தம் எவ்வளவு ஏறியிருக்கும் என்று அந்தக் கருவிக்குத்தான் தெரியும்.

அங்கிருந்த நர்சுப் பிள்ளைகள் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். “நீங்க குத்தாலத்துல சீசன் வைத்தியசாலையில இருந்தவங்களாமே, அங்கன என்ன மருந்து குடுத்தீங்க?” என்று கேட்டார்கள். மருந்து கம்மி, வேலைதான் அதிகம் என்றேன். அப்படியென்றால் எங்கள் சங்க மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன். கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் இலஞ்சிக்காரி. பெயர் செல்லம்மாள். அப்பாவுக்கு நெல் விவசாயம். எட்டாவது முடித்ததும் பாளையங்கோட்டையில் மூன்று வருஷம் நர்ஸ் பயிற்சி. அந்த மூன்று வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படுக்கை விரித்தேன், பாத்திரம் கொதிக்க வைத்தேன், திட்டு வாங்கினேன். நான் நர்ஸ் ஆனது அங்கே அல்ல, குற்றாலத்தில், டாக்டர் ஞானத்தங்கம் அம்மாளிடம்.

டாக்டரம்மாவுக்குத் தென்காசியில் வைத்தியசாலை. ஆனி பிறந்து சாரல் விழுந்ததும், குற்றாலத்தில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து ஆறு கட்டில் போடுவார்கள். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் நான் அங்கே. பிரசவத்துக்குப் பின் தேறாத பெண்கள், டைபாய்டு வந்து எழுந்தவர்கள், தூக்கம் கெட்டுப் போனவர்கள் என்று வருவார்கள். அருவியில் போய் நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரில் யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். வண்டியை விட்டு இறங்கினதும் துண்டோடு அருவிக்கு ஓடப் பார்ப்பார்கள். அவர்களை மறித்து நிறுத்துவதுதான் என் முதல் வேலை.

எங்கள் வைத்தியசாலையில் முதல் நாள் அருவி கிடையாது. ரயிலில் வந்த அலுப்புத் தீரத் தூக்கம் மட்டும். இரண்டாம் நாள் வீட்டுக்குள் வெந்நீர்க் குளியல். மூன்றாம் நாள்தான் எண்ணெய் தேய்த்து, ஊறவைத்து, சிற்றருவிக்குக் கூட்டிப் போவோம். முதலில் கால், பிறகு தோள், கடைசியில் தலை. நூறு எண்ணுகிறவரைதான் நிற்கலாம். அவ்வளவு நேரமும் நோயாளியின் மணிக்கட்டை நர்ஸ் பிடித்திருக்க வேண்டும். விரலைப் பிடிக்கக் கூடாது, எண்ணெய்க் கை வழுக்கிவிடும். தலை துவட்டி, கால் மணி நேரம் கழித்துச் சாப்பாடு. சாயங்காலம் நடை. ஐந்தருவிச் சாலையில் முதல் வாரம் பாதி வழி, இரண்டாம் வாரம் முழு வழி.

ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு சிலேட்டு தொங்கும். அதில் நாலு வரி: தூக்கம், பசி, நடை, வளை. வளை என்றால் கண்ணாடி வளையல்தான். எங்களிடம் எடை பார்க்கும் மிஷின் இல்லை. அதனால் டாக்டரம்மா ஒரு வழி வைத்திருந்தார்கள். பெண்களின் வளையலை முழங்கையை நோக்கித் தள்ளிப் பார்ப்போம். அது எங்கே இறுகி நிற்கிறதோ, மணிக்கட்டிலிருந்து அதுவரை எத்தனை விரற்கடை என்று வெள்ளிக்கிழமை தோறும் எழுதுவோம். கை தேறத் தேற வளையல் கீழேயே நின்றுவிடும். பக்கத்து வீடுகளில் தங்கி, எங்களிடம் வைத்தியம் மட்டும் பார்க்கிறவர்களுக்கும் சிலேட்டு உண்டு. அதை நான் தினமும் போய் எழுதி வர வேண்டும்.

டாக்டரம்மா காலை ஆறு மணிக்குக் குடையோடு வந்து நிற்பார்கள். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாடி பார்க்கும் முன்னால் நோயாளியின் கையை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, முகர்ந்தும் பார்ப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் வெலவெலத்துப் போவார்கள். “வாய் பொய் சொல்லும், கை சொல்லாதுட்டீ” என்பார்கள் என்னிடம். சந்தோஷமாக இருந்தால் நான் ‘ஏட்டி செல்லம்மா’. தப்புச் செய்துவிட்டால் சத்தமே போட மாட்டார்கள், ‘நீங்க, வாங்க, போங்க’ என்று மரியாதைக்கு மாறிவிடுவார்கள். அந்த மரியாதைக்கு நான் நடுங்குவேன்.

இனி கோமதி அக்கா கதைக்கு வருகிறேன்.

நான் சேர்ந்து நாலாவது சீசன். எங்கள் வேலியை அடுத்த பங்களாவில் திருநெல்வேலியிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. ஜவுளிக்கடைக்காரர்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, கடையிலும் கூட்டம் கிடையாது என்பதால் மொத்தக் குடும்பமும் வந்திருந்தது. மூன்று வண்டி. ஒன்றில் ஆட்கள், இரண்டில் அரிசி, பருப்பு, வற்றல், உரல், அண்டா. வீட்டுப் பெரியவர், கடை முதலாளியான அவர் மகன் சங்கரலிங்கம், கல்யாணமாகாத தம்பிமார் மூன்று பேர், பிள்ளைகள் ஐந்து. அந்த வீட்டில் பெண் என்று ஒரே ஆள்தான், சங்கரலிங்கத்தின் மனைவி கோமதி. மாமியார் காலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது.

வந்ததே கோமதி அக்காவுக்காகத்தான். ஐந்தாவது பிரசவம் ஆகி இரண்டு வருஷமாகியும் தேறாமல், ரத்தமே இல்லாமல் வெளுத்துப்போய், மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்று உட்கார்ந்துவிடுகிற நிலை. ஒரு மாதம் குற்றாலத்தில் வைத்திருங்கள் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லியிருந்தார். சங்கரலிங்கம் செலவைப் பார்க்காமல் பங்களா பிடித்துவிட்டார். அந்த மனிதர்கள் கெட்டவர்கள் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் மேல் எல்லாருக்கும் உயிர்.

எங்களிடம்தான் வைத்தியம். வந்த அன்று டாக்டரம்மா ஒரு தடவை பார்த்தார்கள், பிறகு நான் தினமும் காலையில் போய்ச் சிலேட்டு எழுதுவேன். “யக்கா, பசி எப்படி?” என்று கேட்பேன். “நல்லாருக்கு நர்சம்மா” என்பாள். பசி: நன்று. “தூக்கம்?” “படுத்ததும் தூங்கிருதேன்.” தூக்கம்: நன்று. கண் சிவந்திருக்கும். அருவியில் குளிக்கிற எல்லாருக்கும் கண் சிவக்கும், அதனால் நான் கேட்கவில்லை. சோர்ந்திருப்பாள். நடந்த அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன். முதல் வெள்ளிக்கிழமை வளையல், வந்த அன்று பார்த்ததைவிட ஒரு விரற்கடை மேலே ஏறியது. அப்போதுதான் எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தாள். எண்ணெய்க் கை வழுக்குகிறது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு பழைய கணக்கையே எழுதிவிட்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒன்பதாம் நாளும் வழக்கம்போலச் சிற்றருவிக்குக் கூட்டிப் போனேன். தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. கால், தோள், பிறகு தலை. நாற்பது எண்ணியிருப்பேன். கோமதி அக்கா என் பக்கம் திரும்பி உதட்டை அசைத்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நொடி முழங்கால் மடிந்து சரிந்தாள். கீழே பாறை, அதில் பாசி. நான் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன், விடவில்லை. மூன்று வளையல் உடைந்து என் உள்ளங்கையில் ஏறியது. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் பாய்ந்து வந்து இழுத்தார்கள். விரலைப் பிடித்திருந்தால் அன்றைக்கு அவள் போயிருப்பாள். என் உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன்.

ஈரத் துணியை மாற்றி, எங்கள் வைத்தியசாலைக் கட்டிலில் கிடத்தினோம். கண் திறந்துவிட்டாள். டாக்டரம்மா வந்தார்கள். கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள், முகர்ந்தார்கள். பிறகு அந்தக் கையை என் மூக்கருகே நீட்டினார்கள்.

“என்ன வாசம் அடிக்கு, சொல்லுங்க.”

‘சொல்லுங்க’ என்று காதில் விழுந்ததுமே எங்கேயோ தப்புச் செய்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. முகர்ந்தேன். அவ்வளவு தண்ணீரில் நின்ற பிறகும் கையிலிருந்து போகாத வாசனை. “பெருங்காயம். புகை” என்றேன்.

“உள்ளங்கையில என்ன?”

அம்மிக்குழவி பிடித்துக் காய்த்துப்போன கை. பெருவிரல் ஓரத்தில் புதிதாக ஒரு தீக்காயம். நான் தினமும் பார்த்த கைதான். வளையலை மட்டும் பார்த்தேனே தவிரக் கையைப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா சிலேட்டை எடுத்தார்கள். “பசி நன்றுன்னு எழுதியிருக்கீங்க. யாரு பசி?”

நான் வாய் திறக்கும் முன்னால் கட்டிலிலிருந்து கோமதி அக்காவே பதில் சொன்னாள். “எல்லாருக்கும் நல்லாப் பசிக்கு டாக்டரம்மா. ஊருல நாலு இட்லி திங்கவங்க இங்கன பத்துத் திங்காங்க. அருவித் தண்ணி அப்படி.”

அவள் அதைச் சந்தோஷமாகச் சொன்னாள் என்பதுதான் கொடுமை. டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்தது. விடியும் முன்னால் எழுந்து அடுப்புப் பற்றவைப்பாள். சாரலில் விறகெல்லாம் ஈரம், ஊதி ஊதிக் கண் சிவந்துவிடும். ஆண்கள் அருவிக்குப் போய்ப் பசியோடு வருவார்கள், இட்லி. மறுபடி போய்ப் பசியோடு வருவார்கள், சாப்பாடு. மூன்று மணிக்கு வடை, பஜ்ஜி. ராத்திரிக்கு அடை. எல்லாரும் சாப்பிட்ட பிறகு பாத்திரத்தில் மிஞ்சினது அவளுக்கு. இங்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஊரில் என்றால் மாவாட்ட, தண்ணீர் எடுக்க ஆள் உண்டு. இங்கே அதுவும் இல்லை.

“உன் சாப்பாடு?”

“அவுக திங்கதைப் பார்த்தாலே வயிறு நிறைஞ்சிருது.”

டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டார்கள். “ரத்தம் கொஞ்சங்கூட இல்ல. இருதயம் களைச்சிருக்கு. இன்னும் ஒரு மாசம் இப்படிப் போச்சுன்னா அந்த அஞ்சு பிள்ளையளுக்கும் தாய் இருக்க மாட்டா. லீவு எல்லாருக்கும் கிடைச்சிருக்கு, யாருக்காக வந்தாங்களோ அவளுக்கு மட்டும் கிடைக்கல. வாங்க என்கூட.”

பங்களா வராந்தாவில் மாமனார் நாற்காலி போட்டுச் சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன்மாரும் கவலையோடு எழுந்து நின்றார்கள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. கோமதி பதினைந்து நாள் என் கட்டிலில் இருப்பாள், அடுப்பு இருக்கிற திசைக்கே போகக் கூடாது என்றார்கள்.

“இருக்கட்டும்மா. அவளுக்காகத்தானே வந்திருக்கோம்” என்றார் மாமனார். “ஆனா சோத்துக்கு என்ன செய்ய?”

“ஒரு சமையல்காரரை வச்சுக்கிடுங்க அண்ணாச்சி.”

பெரியவர் முகம் மாறியது. “அது முடியாது. எங்க வீட்டுல வெளியாள் கைச்சோறு சாப்பிடுத பழக்கமில்ல. எங்க அப்பா காலத்துல இருந்தே அப்படித்தான். கடைச் சரக்கு எடுக்க வெளியூரு போனாக்கூடப் பழத்தைத் தின்னுட்டுப் பட்டினியா வருவோம். வேணும்னா இன்னைக்கே ஊருக்குக் கிளம்பிருதோம்.”

ஊருக்குப் போனாலும் அதே அடுப்புதானே. டாக்டரம்மா கிறிஸ்தவர். இன்னொரு வீட்டு ஆசாரத்தில் கைவைக்க அவர்களுக்குத் தயக்கம். எனக்கு அந்தத் தயக்கம் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து உள்ளங்கை எரிந்துகொண்டிருந்தது, மனசும் எரிந்துகொண்டிருந்தது. கேட்டுவிட்டேன்.

“அய்யா, உங்க மகன்மாரு கை வெளியாள் கையா?”

எனக்கு வேலை போய்விடும் என்றே நினைத்தேன். ஆனாலும் நிறுத்தவில்லை. “வீட்டுக் கைதானே வேணும்? இங்கன ஆம்பளைய அஞ்சு பேரு, வீட்டுக் கை பத்தும் சும்மா இருக்கு. யக்காவுக்கும் எங்க சமையல் ஆகாது. அவளுக்கும் நீங்கதான் ஆக்கிக் கொண்டு வரணும்.”

தம்பிமாரில் ஒருவன் சிரித்துவிட்டான். “ஆம்பளைய அடுப்புல நிக்கவா?” என்றார் பெரியவர், கோபமாக.

அதற்குச் சங்கரலிங்கம் சொன்ன பதில்தான் இன்றும் என் காதில் நிற்கிறது. “அவ இல்லாமப் போயிட்டா நின்னுதானே ஆகணும் அப்பா. இருக்கும்போதே நின்னுக்கிடுவோம்.”

திரும்பி வருகிற வழியில் டாக்டரம்மா குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார்கள். “நல்லா கேட்ட, ஏட்டி” என்றார்கள். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் நடந்த வேடிக்கையைச் சொல்ல வேண்டும். முதல் நாள் சோறு குழைந்து களியாகிவிட்டது. இரண்டாம் நாள் அடி பிடித்தது. அருவியில் குளித்துவிட்டுப் பசியோடு வந்த தம்பிமார் பச்சை மாங்காயும் தேங்காயும் கடித்துக்கொண்டு அலைந்தார்கள். ஒரு வேளை வடை சுட்டுப் பார்த்து, வடை போடுவது எவ்வளவு வேலை என்று தெரிந்ததும், மூன்று மணிப் பலகாரத்தையே நிறுத்திவிட்டார்கள். சங்கரலிங்கம் மூன்று வேளையும் தூக்குச்சட்டியும் குடையுமாக எங்கள் வாசலுக்கு வருவார். ஜவுளிக்கடை முதலாளி வேட்டியில் குழம்புக் கறை. பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அவர் குனிந்த தலை நிமிராமல் வருவார், போவார்.

ஆனால் கோமதி அக்காவை ஓய்வாக இருக்க வைத்தேனே, அதற்கு எனக்குப் பதக்கம் கொடுக்கலாம். அவளுக்குச் சும்மா இருக்கவே தெரியவில்லை. நாலு மணிக்கு எழுந்து எங்கள் முற்றத்தைப் பெருக்கப் போவாள். துடைப்பத்தை ஒளித்து வைத்தேன். மூன்றாம் நாள் காலை கட்டிலில் ஆள் இல்லை. தேடிப்போனால் பின்பக்க வேலியைப் பிடித்துக்கொண்டு பங்களா அடுக்களையைப் பார்த்தபடி நிற்கிறாள்.

“என்ன யக்கா இது?”

“புகை ரொம்ப வருது நர்சம்மா. பச்சை விறகை வச்சிட்டாங்க. கடைசிப் பிள்ளைக்குப் புகை ஆகாது. ஒரு எட்டுப் போய் ஊதிவிட்டுட்டு வந்திருதேன்.”

“நீங்க போனீங்கன்னா நான் வேலையை விட்டுட்டுப் போயிருவேன்” என்றேன். என் பிழைப்புக்காக மனம் இளகித் திரும்பி வந்தாள். தனக்காக வரமாட்டாள், பிறருக்காக என்றால் வருவாள் என்று எனக்கு அதற்குள் புரிந்திருந்தது. அதை வைத்துத்தான் அவளைத் தூங்க வைத்தேன், பால் குடிக்க வைத்தேன், மருந்து குடிக்க வைத்தேன்.

ஐந்தாம் நாள் ராத்திரி எட்டு மணிக்குப் படுத்தவள் மறுநாள் காலை எட்டு மணிக்கு எழுந்தாள். டாக்டரம்மா அதைச் சிலேட்டில் தன் கையாலேயே எழுதினார்கள். ஏழாம் நாள் ஐந்தருவிச் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தோம். வழியில் நின்று மரத்தையும் மலையையும் பார்த்தாள். வந்து இத்தனை நாளில் மலையைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றாள். பத்தாம் நாள், டாக்டரம்மா முன்னால் நிற்க, மறுபடி சிற்றருவி. மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். ஐம்பது எண்ணும் வரை நின்றாள், சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

வைத்தியசாலைக்குத் திரும்பித் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது, ஏதோ தப்புச் செய்துவிட்டவளாய் மெதுவாகச் சொன்னாள்: “நர்சம்மா, எனக்குப் பசிக்கு.”

பிரசவம் பார்த்திருக்கிறேன், செத்துப் பிழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு வார்த்தைக்குச் சந்தோஷப்பட்ட மாதிரி நான் எதற்கும் சந்தோஷப்பட்டதில்லை. ஈரத்தோடு ஓடிப்போய் வேலிப் பக்கம் நின்று, “யண்ணாச்சி, தூக்குச்சட்டி வரட்டும்!” என்று கத்தினேன். சங்கரலிங்கம் குடையை மறந்துவிட்டு நனைந்துகொண்டே வந்தார்.

பதினைந்தாம் நாள் மத்தியானம் பங்களாவில் எங்களுக்கு விருந்து. அவர்கள் வெளியாள் சமையலைத் தொட மாட்டார்கள், ஆனால் எங்களுக்குப் போட மாட்டார்களா என்ன. சமையல் பெரியவர் கைப்பக்குவம். இரண்டு வாரத்தில் அவர் புளிக்குழம்பில் தேறிவிட்டார், அதில் அவருக்கு இருந்த கர்வம் எனக்கிருக்கும் கர்வத்துக்குக் குறைந்ததில்லை. முதல் பந்தியில் மூன்று இலை போட்டிருந்தது. ஒன்று டாக்டரம்மாவுக்கு, ஒன்று எனக்கு. மூன்றாவது யாருக்கென்று கோமதி அக்கா பார்த்தாள்.

“உக்காரு தாயி” என்றார் பெரியவர்.

அவள் உட்காரவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் பந்தியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. “நீங்க எல்லாரும் சாப்பிடாம எனக்கு எப்படி மாமா இறங்கும்?” என்று கண்கலங்கி நின்றாள். பெரியவர் கரண்டியைப் பிடித்தபடி, “நீ உக்காந்தாத்தான் நான் அடுத்த பந்தி போடுவேன். எனக்கும் பசிக்கு, சீக்கிரம் உக்காரு” என்று அதட்டினார். உட்கார்ந்தாள். அழுதுகொண்டே முதல் கவளம் எடுத்தாள். ரசத்துக்கு வரும்போது அழுகை நின்றிருந்தது. மோருக்கு மறுசோறு கேட்டாள்.

அன்றைக்கு டாக்டரம்மாவே உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்து, கை கழுவி வந்த கோமதி அக்காவின் கையை வழக்கம்போல எடுத்து முகர்ந்தார்கள். நானும் முகர்ந்தேன். நல்லெண்ணெய் வாசமும் குழம்பு வாசமும்தான். வளையலைத் தள்ளிப் பார்த்தேன், முன்னைவிட இரண்டு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. சிலேட்டில் ‘பசி’ என்ற இடத்தை முந்தானையால் நன்றாகத் துடைத்துவிட்டு, ‘நன்று’ என்று எழுதினேன். இந்த முறை என் கண்ணால் பார்த்து எழுதினேன்.

அடுத்த ஆடியிலும் அதே மூன்று வண்டி வந்தது. நான் வாசலில் நின்றிருந்தேன். கோமதி அக்கா வெறுங்கையோடு இறங்கி, நேரே மலையைப் பார்த்து, “தண்ணி நல்லா விழுதா நர்சம்மா? எப்பப் போலாம்?” என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் பெரியவர் இறங்கினார். கக்கத்தில் அடுப்பு ஊதுகிற ஊதுகுழல். என்னைக் கண்டதும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“ஏம்மா, இங்கன காய்ஞ்ச விறகு எங்க கிடைக்கும்?” என்றார்.